வெண்மை படர்ந்த லாக்கர் பூச்சை மீட்டெடுத்த விதம்

34 அங்குல ஸ்கேல் நீளம் (தந்தி அதிரும் பகுதியின் நீளம்) கொண்ட நான்கு தந்தி பேஸ் கிட்டாருக்காக மகோகனி மரத்தில் உடலைக் கையால் செதுக்கி, மரத்துளைகளை அடைத்துத் தேய்த்து முடித்தபின், மழை ஈரம் மிகுந்த ஒரு மாலையில் அவசரப்பட்டு நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் என்னும் பளபளப்புப் பூச்சைத் தெளித்தேன். சில நிமிடங்களிலேயே மேற்பரப்பெங்கும் பால் போன்ற வெண்படலம் படர்ந்தது.

லாக்கரை இளக்கக் கலக்கும் கரைப்பானான தின்னர் வேகமாக ஆவியாகும்போது பூச்சு குளிர்ந்துவிடுகிறது. அந்தக் குளிர்ச்சியில் காற்றிலுள்ள ஈரம் நுண்துளிகளாகப் படிந்து, உலரும் லாக்கருக்குள் சிக்கிக்கொள்வதே இதற்குக் காரணம். முழுப் பூச்சையும் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும் என்று கலங்கினேன்; அது தேவைப்படவில்லை.

வறண்ட வெயில் நாளுக்காகக் காத்திருந்து, மெதுவாக ஆவியாகும் ரிட்டார்டர் தின்னரை மட்டும் மிக மெல்லிய தூவலாகத் தெளித்தபோது, பழைய பூச்சு மீண்டும் இளகி, உள்ளே சிக்கிய ஈரம் வெளியேற, மகோகனியின் செந்நிறம் கண்முன்னே திரும்பியது. அத்தனை அழகு! நெக் (கிட்டாரின் கழுத்துப் பகுதி) பொருந்தும் குழியின் ஓரத்தில் பூச்சு தடித்திருந்ததால், அங்கு மட்டும் இரண்டாம் முறை தெளிக்க நேர்ந்தது.

அடுத்த பூச்சுகளை, ஈரமானி 60 சதவீதத்துக்குக் கீழே காட்டிய நாட்களில் மட்டும் அடித்தேன். நான்கு வாரங்கள் இறுகவிட்டு, 1000, 1500, 2000 எண் உப்புத்தாள்களால் நீர் தொட்டுத் தேய்த்து மெருகேற்றினேன்.