கிளட்ச் ஸ்லிப்: டிராஃபிக்கைத் திட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

காரில் பிக்கப் இல்லை என்று தோன்றினால் பெங்களூருவில் பலரும் முதலில் ஏர் ஃபில்டரை மாற்றுவார்கள். அப்புறம் டீசல் ஃபில்டர், அப்புறம் இன்ஜெக்டர் சுத்தம். கிளட்ச் நினைவுக்கு வருவதற்குள் பிளேட் கருகியிருக்கும். இத்தனைக்கும் இரண்டையும் பிரித்தறிவது எளிது. எஞ்சினில் சக்தி குறைந்திருந்தால் எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள்ளும் சோம்பலாகத்தான் ஏறும். கிளட்ச் ஸ்லிப் ஆனால், அதாவது பிடிக்காமல் வழுக்கினால், முள் விருட்டென்று ஏறும், எஞ்சின் கத்தும், வண்டி மட்டும் வேகம் எடுக்காது.

ஊருக்குள் முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் ஓட்டும்வரை இது கண்ணில் படாமலே இருக்கலாம். பொங்கலுக்குப் போய்விட்டு ஐந்து பேரோடும், டிக்கி நிறைய அரிசி தேங்காயோடும் சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் நான்காவது கியரில் அழுத்துவீர்கள், அங்கே தெரியும். உயர்ந்த கியரில் எஞ்சின் முழு விசையோடு தள்ளும், சக்கரமோ சட்டென்று வேகம் எடுக்காது. அந்த இழுபறி முழுவதும் கிளட்சின் தலையில்தான் விழும். சந்தேகம் வந்தால் காலியான சாலையில் நான்காவது கியரில் 40 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டே ஆக்சிலரேட்டரை நன்றாக மிதித்துப் பாருங்கள். முள் தனியாகத் தாவினால் அது ஸ்லிப்தான். ஹேண்ட்பிரேக் போட்டு மூன்றாவது கியரில் கிளட்சை விட்டு எஞ்சின் அணைகிறதா என்று பார்க்கும் முறையும் உண்டு. அதை ஒருமுறைக்கு மேல் செய்யாதீர்கள், அந்தச் சோதனையே பிளேட்டைச் சூடாக்கும்.

கியர் விழ மறுக்கிறது, ரிவர்ஸ் போட்டால் கரகரக்கிறது என்றால் அது இதற்கு நேர் எதிரான கோளாறு. அங்கே கிளட்ச் முழுதாக விலகவில்லை என்று பொருள். ஹைட்ராலிக் குழாயில் காற்று புகுந்திருக்கலாம், ஆயில் குறைந்திருக்கலாம். காற்றை எடுத்துவிட்டால் ஸ்லிப் சரியாகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கிளட்ச் எப்போது தேய்கிறது என்பது புரிந்தால் மற்றவை தானாக விளங்கும். எஞ்சினோடு சுற்றும் பிளைவீல் ஒரு பக்கம், அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் மறுபக்கம், இரண்டுக்கும் நடுவில் உராய்வுப் பட்டை ஒட்டிய கிளட்ச் பிளேட். பெடலை முழுதாக விட்டுவிட்டால் மூன்றும் ஒன்றாகச் சுற்றும். தேய்மானம் இல்லை. முழுதாக மிதித்தால் பிளேட் விலகி நிற்கும், அப்போதும் பிளேட் தேயாது. தேய்வது இரண்டுக்கும் இடைப்பட்ட ஹாஃப் கிளட்ச் நேரத்தில்தான். உராய்வு சூட்டைக் கிளப்பும், சூட்டில் பட்டை வழவழப்பாகிப் பிடிப்பை இழக்கும், பிடிப்பு குறைந்தால் இன்னும் வழுக்கும், இன்னும் சூடேறும். எனவே வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதைவிட எத்தனை நேரம் பாதி கிளட்சில் கழிந்தது என்பதுதான் கணக்கு. ஒரே அபார்ட்மென்டில், ஒரே சாலையில் போய்வரும் இரண்டு கார்களில் ஒன்றுக்கு 30,000 கிலோமீட்டரில் கிளட்ச் போய், மற்றது ஒரு லட்சத்தைத் தாண்டி ஓடுவது இதனால்தான். டிராஃபிக்கைக் குறை சொல்வதில் பாதி நியாயம்தான் இருக்கிறது.

பெங்களூருவின் நெரிசல் சந்திப்புகளான சில்க் போர்டிலோ டின் ஃபேக்டரியிலோ மாலை ஏழு மணிக்கு நின்று கவனியுங்கள். முன்னால் உள்ள வண்டி இரண்டடி நகர்ந்தால் பின்னால் உள்ளவரும் பாதி கிளட்சில் இரண்டடி நகர்வார், நிற்பார், மறுபடி நகர்வார். நடுவில் ஒரு ஆட்டோ புகுந்துவிடக் கூடாது என்ற பதற்றம். புகட்டும், என்ன போயிற்று? ஒரு கார் நீளம் இடைவெளி உண்டாகும்வரை நின்றிருந்து, முதல் கியரில் கிளட்சை முழுதாக விட்டுவிட்டால், சமதரையில் பெரும்பாலான கார்கள் ஆக்சிலரேட்டரைத் தொடாமலே நடை வேகத்தில் உருளும். சிக்னலில் நிமிடக்கணக்கில் நிற்கும்போது நியூட்ரலுக்கு மாற்றி இடது காலை எடுத்துவிட வேண்டும். மிதித்தபடியே நின்றால் பிளேட்டுக்குக் கேடில்லை, பெடலை மிதிக்கும்போது கிளட்சை விலக்கும் ரிலீஸ் பேரிங்தான் பாடுபடும்.

ஓடும்போது கால் பெடல்மேல் இருப்பதும் கெடுதல்தான். லேசான அழுத்தமே பிரஷர் பிளேட்டின் பிடியைத் தளர்த்தப் போதும். ஸ்பீடு பிரேக்கரில் கிட்டத்தட்ட நின்றுவிட்டு இரண்டாவது கியரிலேயே இழுப்பதும் அப்படித்தான்.

எல்லாவற்றையும்விடக் கொடுமை ஏற்றத்தில் கிளட்சால் காரை நிறுத்திப் பிடிப்பது. நெரிசலில் ஹெப்பாள் மேம்பாலத்தில் ஏறும்போதும், மால்களின் பேஸ்மென்ட் சரிவில் வரிசை நிற்கும்போதும் கருகல் வாடை வருவது இதனால்தான். கார் அசையாமல் நிற்கிறது, உள்ளே பிளைவீல் பிளேட்டைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறது. ஹேண்ட்பிரேக்கைப் போடுங்கள். கிளம்பும்போது கிளட்ச் பிடித்து வண்டியின் முன்பக்கம் லேசாக எழும்பியதும் ஹேண்ட்பிரேக்கை விடுங்கள். ஏற்றத்தில் கார் பின்னால் உருளாமல் தானாகப் பிடிக்கும் ஹில் ஹோல்டு வசதி இருந்தாலும் அது இரண்டு மூன்று நொடிதான் பிடிக்கும். பார்க்கிங் சரிவு குறுகலாக இருந்தால், முன்னால் போனவர் மேலே ஏறி முடிக்கும்வரை கீழே சமதரையிலேயே காத்திருப்பது நல்லது. பின்னால் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும்.

ஓட்டுபவர்மேல் தப்பில்லாமலும் ஸ்லிப் வரும். கேபிள் வகை கிளட்சில் பெடலின் மேற்பகுதியில் கொஞ்சம் வெற்று அசைவு இருக்க வேண்டும். அதன் அளவு உங்கள் காரின் கையேட்டில் இருக்கும். பிளேட் தேயத் தேய இந்த அசைவு குறையும். அது துளியும் இல்லாமல் போனால் கிளட்ச் எப்போதும் சற்று மிதித்த நிலையிலேயே இருக்கும். கேபிளைச் சரிசெய்தாலே போதும் என்ற நிலையில் கியர்பாக்ஸையே இறக்கச் சொல்பவர்களும் உண்டு. ஆகவே முதலில் கேபிளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது ஆயில். எஞ்சினின் பின்பக்க ஆயில் சீலோ கியர்பாக்ஸின் முன்பக்க சீலோ கசிந்தால், ஆயில் பட்ட பிளேட் எவ்வளவு புதிதாக இருந்தாலும் வழுக்கும். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் அடியில் ஈரம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். சீலை மாற்றாமல் பிளேட்டை மட்டும் மாற்றினால் கொஞ்ச நாளில் அதே செலவு திரும்ப வரும். 2022 செப்டம்பரில் பெல்லந்தூர் பக்கம் நின்றதுபோன்ற வெள்ளத்தில் கார் மூழ்கியிருந்தால் கிளட்ச் இருக்கும் கூட்டுக்குள் சேறு தங்கியிருக்கலாம். அதையும் மெக்கானிக்கிடம் சொல்லிவிடுங்கள்.

ஸ்லிப் ஆரம்பித்த பிறகு "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்று ஓட்டுவது வீண் செலவு. வண்டி ஆறியதும் சில நேரம் சரியானதுபோல இருக்கும், ஏமாற வேண்டாம். பட்டை முழுக்கத் தேய்ந்தால் அதைப் பிளேட்டோடு பிணைக்கும் ரிவெட்டுகள் பிளைவீலையும் கீறும்.

வேலைக்கு விடும்போது "பிளேட் மட்டும் போதும் சார்" என்றால் சம்மதிக்காதீர்கள். கூலியில் பெரும்பகுதி கியர்பாக்ஸை இறக்கி ஏற்றத்தான். அதை இரண்டு முறை கொடுப்பதற்குப் பதில் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் செட்டாக ஒரே தடவையில் மாற்றிவிடலாம். உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜே.சி. ரோட்டில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிக் கொடுப்பதானால் பில்லும் பெட்டியும் இல்லாத சரக்கைத் தொடாதீர்கள். பிளைவீலில் நீலத் திட்டுகள் இருந்தால் லேத்தில் கொடுத்துச் சமப்படுத்தலாமா, மாற்றியே ஆக வேண்டுமா என்று கேளுங்கள். சில டீசல் கார்களில் இருக்கும் டூயல் மாஸ் பிளைவீலை (நடுவில் ஸ்பிரிங் வைத்து இரண்டு பகுதிகளாகச் செய்தது) லேத்தில் கொடுக்கும் வழக்கம் இல்லை.

கிளட்சையும் கியரையும் தானே இயக்கும் ஏஎம்டி கார் வைத்திருப்பவர்கள் தங்களுக்கு இது பொருந்தாது என்று நினைக்கிறார்கள். 2014-இல் மாருதி செலேரியோவில் வந்ததிலிருந்து இங்கே பரவிய அந்த வகையிலும் இருப்பது இதே உலர் கிளட்ச்தான், பெடல் மட்டும்தான் இல்லை. சரிவில் பிரேக்கை விட்டு ஆக்சிலரேட்டரால் காரைப் பிடித்து வைத்தால் அதுவும் கருகும்.

புது கிளட்ச் போட்ட பிறகு முதல் 500 கிலோமீட்டருக்கு மெதுவாக ஓட்டுங்கள். அந்த வாரமே குடும்பத்தோடு ஏற்காடு மலை ஏறத் திட்டமிருந்தால் தள்ளிப் போட்டுவிடுங்கள்.