திருவருகைக் காலம்: புதிய குழுவினர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருவழிபாட்டுக் குழுவில் புதிதாகச் சேர்ந்த இருவர் கிறிஸ்து பிறப்புக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலத்துக்கு இந்த ஆண்டுக்கான திட்டத்தைக் கொண்டுவந்து காட்டினார்கள். என் பழைய நோட்டையே யாரோ படியெடுத்தது போல இருந்தது. வாசகர் வராமல் போவது, தீப்பெட்டி கிடைக்காமல் தேடுவது எல்லாம் போகப் போகச் சரியாகிவிடும். கீழே உள்ளவை அப்படியல்ல.

டிசம்பர் 1-இல் தொடங்குவது

டிசம்பர் 1 முதல் நாளுக்கொன்றாகத் திறக்கும் 24 ஜன்னல் வைத்த நாள்காட்டிகள் செய்த வேலை இது. திருவருகைக் காலத்துக்குத் தேதி கணக்கில்லை, ஞாயிறுதான் கணக்கு. கிறிஸ்து பிறப்புக்கு முன் நான்கு ஞாயிறுகள் வர வேண்டும். அதனால் முதல் ஞாயிறு நவம்பர் 27 முதல் டிசம்பர் 3 வரை எந்தத் தேதியிலும் விழலாம். 2022-இல் 28 நாள் கிடைத்தது. 2023-இல் 22 நாள்தான். ஞாயிறுக்கு ஒன்றாக மெழுகுதிரி ஏற்றுவோம்; அந்த ஆண்டு டிசம்பர் 24 காலையில் நான்காவது மெழுகுதிரி, இரவில் பிறப்புத் திருப்பலி!

நான்கு வாரமும் கிறிஸ்துமஸ் பாட்டு

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது, முதலில் என் மேலேயே.

குழுவில் என் முதல் ஆண்டு. முதல் ஞாயிற்றுக்குப் பாடல்களைத் தேர்ந்தெடுத்தேன். வாசகத்தைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. அன்றைய நற்செய்தி மாற்கு 13: வீட்டுத் தலைவர் எப்போது திரும்புவார் என்று தெரியாது, விழித்திருங்கள். மறையுரை முழுக்க இரண்டாம் வருகை. அது முடிந்து காணிக்கைப் பாடலாக நாங்கள் பாலனுக்குத் தாலாட்டு பாடினோம். பங்குத்தந்தை திரும்பி ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

திருவருகைக் காலத்தின் ஆங்கிலப் பெயரான அட்வென்ட் என்பதன் மூலமான லத்தீன் சொல்லுக்கு வருகை என்று பொருள். பெத்லகேமில் வந்தது மட்டுமல்ல, இறுதியில் வரப்போவதும் அதில் அடக்கம். முதலில் அந்த இறுதி வருகை, நடுவில் திருமுழுக்கு யோவானின் குரல், டிசம்பர் 17 முதல்தான் நேரடியாகப் பெத்லகேம். ஞாயிறுகளில் வழக்கமாகப் பாடும் வானவர் கீதத்தை (பிறப்பு இரவில் வானதூதர் பாடியது) இந்தக் காலத்தில் விட்டுவிடுவதும் காரணமாகத்தான்: பிறப்பு இரவில் அது புதிதாக ஒலிக்க வேண்டும்.

எங்களுக்கு அந்த இரவில் புதிதாக எதுவும் மிச்சமில்லை. நான்கு வாரம் பாடிச் சலித்த பாட்டையே எடுத்தோம். பாடகர் குழுவிலேயே கொட்டாவி. அப்புறம் 26-ஆம் தேதி எல்லாப் பாட்டையும் மூட்டை கட்டினோம். பிறப்புக் காலமோ ஜனவரியில் ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை ஓடுகிறது. பாடக்கூடாத நாளில் பாடி, பாட வேண்டிய நாளில் வாய்மூடி இருந்தோம்.

சரி, எதைப் பாடுவது? 'வாரும்' என்று அழைக்கும் பாடல்கள், இறைவாக்கினர் எசாயாவின் வாக்குறுதிகள். டிசம்பர் 17 முதல் 23 வரை மாலைச் செபத்தில் வரும் ஏழு பழைய அழைப்புகளும் இருக்கின்றன: ஞானமே, ஆண்டவரே, ஈசாயின் தளிரே, தாவீதின் திறவுகோலே, விடியலே, அரசரே, இம்மானுவேலே. நான்கு வாரத்துக்கு இவை தாராளம்.

அல்லேலூயாவை நிறுத்துவது

அது உயிர்ப்பு விழாவுக்கு முந்தைய தவக்காலத்துக்கு, இதற்கு அல்ல.

ரோஜா நிற மெழுகுதிரி

மூன்றாம் ஞாயிறு. கடைசி ஞாயிறு அல்ல.

டிசம்பர் 8

அன்று வரும் அமல உற்பவ விழா இயேசு கருவான நாள் அல்ல; மரியா தம் தாயின் வயிற்றில் பாவக்கறையின்றி உருவானதைக் கொண்டாடும் நாள். பதினேழே நாளில் குழந்தை பிறக்குமா?

குடிலில் அவசரம்

1223-இல் இத்தாலியின் கிரேச்சோவில் அசிசி பிரான்சிஸ் வைக்கோல், மாடு, கழுதையோடு குடில் அமைத்தது பிறப்பு இரவுக்காக. அதனால் 24 இரவு வரை தீவனத்தொட்டி காலியாகவே இருக்கட்டும். ஞானிகளுக்கும் அவசரமில்லை, அவர்கள் மூவர் என்று மத்தேயு சொல்லவில்லை, வீட்டுக்குள் வந்தார்கள் என்றுதான் சொல்கிறார். அவர்கள் வந்ததைக் கொண்டாடும் திருக்காட்சி விழா வரை அவர்களைத் தூரத்தில் நிறுத்தி வைப்பேன். யாராவது தொட்டிக்கு அருகே நகர்த்திவிடுவார்கள். நான் மறுபடி பின்னால் தள்ளி வைப்பேன்.