பீரோவில் தூங்கும் சிடிகளைக் கணினிக்கு மாற்றுவது எப்படி?

அப்பா 1990களில் வாங்கிச் சேர்த்த கச்சேரி சிடிகள் 60க்கு மேல் இருக்கின்றன. போட்டுக் கேட்கத்தான் வழியில்லை. என் லேப்டாப்பில் டிரைவே கிடையாது. சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்குப் போய் யூஎஸ்பி டிவிடி டிரைவ் ஒன்று வாங்கி வந்தேன். சிடியையும் அதுவே படிக்கும்.

முதலில் துடைக்க வேண்டும். மூக்குக்கண்ணாடி துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக இழுங்கள். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் பாட்டுத் தடத்தோடேயே ஓடும், டிரைவ் திணறிவிடும். உண்மையில் பயப்பட வேண்டியது பளபளக்கும் பக்கத்துக்கு அல்ல, படம் அச்சடித்த பக்கத்துக்கு. அலுமினியப் படலம் அதற்கு அடியில்தான் இருக்கிறது. சிடியை ட்யூப்லைட்டுக்கு நேரே பிடியுங்கள். ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தால், அந்த இடம் போனது போனதுதான்.

அப்புறம் விண்டோஸில் 'எக்ஸாக்ட் ஆடியோ காப்பி' என்ற மென்பொருளைப் போடுங்கள். சந்தேகமான இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும். கீறல் விழுந்த ஒரு சிடிக்கு ராத்திரி முழுக்க ஆனது, பொறுமை வேண்டும். ஃபிளாக் (FLAC) என்ற கோப்பு வடிவில் சேமியுங்கள். அளவு ஏறக்குறைய பாதியாகும், ஒலியில் எதுவும் குறையாது.

நூறு பாட்டு அடைத்த எம்பி3 சிடிக்கு இத்தனை பாடு வேண்டாம், கோப்புகளை நகலெடுத்தால் போதும். அதை ஃபிளாக் ஆக்கினால் இடம்தான் வீண்.

பாட்டுப் பெயர், ராகம் எல்லாம் கையால் அடிப்பதே நல்லது. இணையத்திலிருந்து தானாக வந்த பட்டியலில் எனக்குக் கல்யாணி மட்டும் மூன்று எழுத்துக்கூட்டலில் இருந்தது.