ஒரு கிளையாவது விட்டு வெட்டுங்கள்

ஒரு ஜனவரி முதலாம் திகதி நானும் திருந்தினேன். விடிய 4 மணிக்கு எழும்புவது, சீனி போடாத பிளேன்டீ, அரை மணித்தியாலம் தியானம், ராத்திரியில் போனைத் தொடாமல் இருப்பது, மாதம் 5000 ரூபாய் சேமிப்பு, வீட்டில் யாரோடும் கோபப்படாமல் இருப்பது, எல்லாம் ஒரே நாளில். தைப்பொங்கல் வரைக்கும்கூடத் தாங்கவில்லை. இலங்கை மலையகத்து ஹட்டனில் வேலை, வீடு இன்னும் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில்தான், இரண்டு பக்கமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் வருகிற ஆளுக்கு 4 மணித் தியானம் தூக்கமாகத்தான் முடியும் என்று எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

அப்பா கவ்வாத்து வெட்டியவர், அதாவது தேயிலை மரத்தைக் கிளை தறித்துவிடுகிற வேலை. என் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "மொட்டையா வெட்டிப்புட்டா மரம் எதால மூச்சு விடும்?" என்றார். தேயிலையை நாலைந்து வருடத்துக்கு ஒரு தரம் இடுப்புக்குக் கீழே வெட்டித் தள்ளுவார்கள் அல்லவா, அப்போது சில மலைகளில் ஒன்றிரண்டு கிளைகளை மட்டும் இலையோடு அப்படியே விட்டுவிடுவார்கள். இலையே இல்லாத மரம் வேரில் சேர்த்து வைத்திருக்கிற மாவுச்சத்தை வைத்துத்தான் துளிர்க்க வேண்டும். வேரில் சரக்கு இல்லாவிட்டால் மரம் பட்டுப்போகும். விட்டு வைத்த கிளைதான் புதுத் துளிர் வரும்வரை மரத்துக்குச் சாப்பாடு போடுகிறது. அதற்குப் பிறகும் இரண்டு மூன்று மாதத்துக்கு யாரும் அதில் கொழுந்து எதிர்பார்ப்பதில்லை. நாமோ எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டிவிட்டு அடுத்த வாரமே நிறுவைக்குக் கொழுந்து கேட்கிறோம். முதல் தவறு இதுதான், என் கணக்கில் மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிய தவறும் இதுதான்.

இதோடு ஒட்டிய இன்னொன்று, அந்த "21 நாள்" கதை. 21 நாள் தொடர்ந்து செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். 1960 இல் ஓர் அமெரிக்க பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர், தன் நோயாளிகள் மாறிய முகத்துக்குப் பழக எவ்வளவு காலம் எடுக்கிறார்கள் என்று எழுதியதிலிருந்து கிளம்பியது அது. அவரும் "குறைந்தது" என்றுதான் சொன்னார், அந்தச் சொல் வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை 12 வாரம் கவனித்து 2009 இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு பழக்கம் தானாக நடக்கிற நிலைக்கு வர நடுவாக 66 நாள் எடுத்திருக்கிறது, ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம் (12 வாரத்தைத் தாண்டியது கணக்குப் போட்டு மதிப்பிட்டது). எனக்குப் பிடித்தது அதில் வேறொரு விசயம்: நடுவில் ஒரு நாள் தவறிப்போனதால் பெரிய பாதிப்பு எதுவும் வரவில்லை. இது நமக்குத் தெரியாததா என்ன, ஒரு சுற்றுக் கொழுந்து பிந்தினால் இலை முற்றிப்போகும், தொழிற்சாலையில் திட்டு விழும், அதற்காக யாரும் தேயிலையைப் பிடுங்கி எறிவதில்லை. அடுத்த சுற்றுக்கு மலை ஏறுவோம். ஆனால் நாம் ஒரு நாள் நடக்கப் போகாவிட்டால் "எனக்கெல்லாம் இது சரிவராது" என்று சப்பாத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுகிறோம்.

அப்புறம், அடுத்தவர் மணிக்கூட்டை இரவல் வாங்குவது. "வெற்றி பெறுகிறவர்கள் 5 மணிக்கு எழுகிறார்கள்" என்று ஒரு வீடியோ. நாலரைக்கு எழும்பி, தண்ணீர் பிடித்து, ரொட்டி தட்டி, சம்பல் அரைத்து, பெரிய பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பி, சின்னதைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு ஓடுகிற ஒரு பெண்ணிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள். அவருக்குக் குறைவது எழும்புகிற ஒழுங்கு இல்லை, தூக்கம். வளர்ந்தவர்களுக்கு 7 மணித்தியாலமாவது தூக்கம் வேண்டும், வீட்டில் கடைசியாகப் படுக்கிறவருக்கு அது கிடைப்பதே இல்லை. அந்த வீட்டில் நிம்மதிக்கு முதல் வேலை ராத்திரிச் சட்டி பானையை வேறு யாராவது கழுவுவதுதான். ஆம்பளைகளே, உங்களைத்தான் சொல்கிறேன், என்னையும் சேர்த்து.

தூக்கம் என்றதும் தேத்தண்ணி ஞாபகம் வருகிறது. தேயிலை மண்ணில் இருந்துகொண்டு தேத்தண்ணியைக் குறை சொல்லக்கூடாதுதான். ஆனால் அதிலுள்ள கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஏறத்தாழ 5 மணித்தியாலம் ஆகிறது, ராத்திரி 8 மணிச் சாயத் தண்ணி நள்ளிரவு தாண்டியும் உள்ளே நின்று வேலை பார்க்கும். சாயங்காலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சம்பளத்தன்று உடம்பு வலிக்கு என்று போடுகிற சாராயத்தைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, போடுகிறவருக்கே தெரியும்.

காசு விசயத்தில் நடக்கிற தவறு, வாங்குகிற பொருளை ரூபாயில் மட்டும் பார்ப்பது. தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து பையன்கள் வந்து இறங்குவார்கள், புதுச் சட்டை, புதுப் போன், தலைமுடிக்கே ஒரு நிறம். அதைப் பார்த்துத் தீபாவளி முற்பணம் போதாமல் சீட்டை ஏலத்தில் தள்ளி எடுப்பது, அதுவும் போதாமல் நகையை அடகு வைப்பது, பிறகு மாசி பங்குனி வரை சம்பளத்தில் வெட்டு. தோட்டத்து நாட்சம்பளம் 2021 இல் 1000 ரூபாய் ஆனது, 2024 இல் 1350 ஆனது. அந்த 1350 கணக்கில் 30,000 ரூபாய் சவுண்ட் செட் என்பது, ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) கழிப்பதற்கு முன்னாலேயே, 22 பேர். பேர் என்றால் தோட்டத்தில் ஒரு நாள் வேலைக் கணக்கு, இது முழுப்பேர், அரைப்பேர் அல்ல. 22 நாள் அட்டைக்கடியும் மழையும். "இது எத்தனை பேருக்குச் சமம்?" என்று கடை வாசலில் நின்று ஒரு தரம் கேட்டுக்கொண்டால் போதும், வாங்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை, தெரிந்துகொண்டு வாங்குங்கள். எங்கள் லைனில் பக்கத்துக் காம்பரா (பக்கத்து வீட்டு) அண்ணன் அந்த சவுண்ட் செட்டைத் தெரிந்தே வாங்கினார்.

இனி நான் நன்றாக மாட்டிக்கொண்ட இடம். கொள்கையைக் கொப்பியில் எழுதிவிட்டு அதோடு வேலை முடிந்தது என்று நினைப்பது. "குடும்பம்தான் முதல்" என்று டயரியின் முதல் பக்கத்தில் அழகாக எழுதியிருந்தேன். அதே வருடம் கோயில் கமிட்டி, மரண உதவிச் சங்கம், வாசிகசாலை என்று மூன்றிலும் நான் இருந்தேன், ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருந்ததே மறந்துபோனது. ஊருக்கு உழைக்கிறோம் என்கிற நினைப்பு சுகமாக இருக்கும், அதிலிருக்கிற ஆபத்தே அதுதான். அப்பாவுக்கு மாதம் ஒரு கிளினிக். இரண்டு மாதம் தொடர்ந்து திருவிழா வேலை என்று சொல்லி அவரைத் தனியாக பஸ் ஏற்றிவிட்டேன். மூன்றாம் மாதம் அவர் என்னைக் கேட்கவே இல்லை, கிளினிக் கொப்பியைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு விடிய தானாகவே கிளம்பிப் போய்விட்டார். கோபமும் இல்லை. அதுதான் எனக்கு உறைத்தது.

அன்றைக்குப் பிறகு கொள்கை எது என்று நான் டயரியில் பார்ப்பதில்லை. போன வாரம் எந்த நாளை யாருக்குக் கொடுத்தேன், எதற்காக எதை வேண்டாம் என்று சொன்னேன் என்று பார்க்கிறேன். வாசிகசாலையை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டேன், கமிட்டியில் கொஞ்சம் முகம் கோணினார்கள், அவ்வளவுதான்.

கடைசியாக ஒன்று, இதைச் சொல்லாமல் விட்டால் மேலே சொன்னதெல்லாம் தப்பாகப் போய்விடும். அமைதி என்றால் வாயை மூடிக்கொள்வது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். "பொறுத்துப் போ, நமக்கேன் வம்பு" என்று மூன்று நாலு தலைமுறையாகக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம், அதனால் அது பண்பு மாதிரியே தெரிகிறது. கூரை ஒழுகினாலும் பொறுமை, கொழுந்து நிறுவையில் கிலோவைக் கூடுதலாகக் கழித்தாலும் பொறுமை, அப்புறம் அந்தக் கோபம் எல்லாம் சேர்ந்து ராத்திரி வீட்டில் பிள்ளை மேல் இறங்கும். அதற்கு அமைதி என்று பெயர் வைக்க முடியாது. கோபம் வந்த இடத்திலேயே கத்த வேண்டாம், சரி. ஆனால் என்ன நடந்தது, எத்தனையாம் திகதி, எத்தனை கிலோ என்று ஒரு துண்டில் எழுதி வையுங்கள், அடுத்த நாள் காலையில் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள். ஈ.பி.எப்.பில் நம் சம்பளத்தில் 8 வீதம் போகிறது, தொழில் தருகிறவர் 12 வீதம் போட வேண்டும். ஒழுங்காகச் சேர்கிறதா என்று பார்த்து வைத்திருக்கிறவருக்கு வருகிற தூக்கம் எந்தத் தியானத்திலும் வராது.

என் திருத்தப் பட்டியலில் இப்போது ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அந்த லண்டன் ஆய்வில் செய்த மாதிரி, ஏற்கெனவே தினமும் நடக்கிற ஒன்றோடு அதைக் கட்டிவிட்டேன்: பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்ததும் போனை உள்ளே வைத்துவிட்டு இஸ்தோப்பில் (வீட்டு முன் திண்ணையில்) அப்பாவோடு பத்து நிமிடம். பேச்சு இருந்தாலும் இல்லாவிட்டாலும். சரியாக அந்த நேரத்துக்குத்தான் பக்கத்துக் காம்பராவில் 22 பேர் பாட ஆரம்பிக்கும். ஒரே பாட்டு, தினமும் அதே பாட்டு. அப்பாவுக்கு இப்போது அது பாடமாகிவிட்டது, நடுவில் வருகிற புல்லாங்குழலுக்கு விரலால் நாற்காலியில் தட்டுகிறார்.