பூனையின் காதைப் பார்த்து மனநிலை அறிவது எப்படி?

தோட்டத்துச் சாளையில் எலிக்காக வந்து ஒட்டிக்கொண்ட பூனையானாலும் சரி, கோயம்புத்தூர் அபார்ட்மெண்டில் வளரும் பாரசீகப் பூனையானாலும் சரி, காதின் பாஷை ஒன்றுதான். பலரும் வாலைத்தான் பார்ப்பார்கள். நான் காதிலிருந்து தொடங்கச் சொல்வேன். தூரத்திலேயே தெரிந்துவிடும்; கையை நீட்டலாமா வேண்டாமா என்று முன்னாலேயே முடிவெடுக்கலாம்.

படி 1: சும்மா இருக்கும்போது பாருங்கள்

தின்று முடித்துத் திண்ணையில் கிடக்கும் நேரம் சரியானது. காது நிமிர்ந்து, முன்பக்கம் பார்த்து, நுனி லேசாக வெளியே விலகியிருக்கும். இதுதான் இயல்பு நிலை. போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள், பிறகு ஒப்பிட உதவும்.

படி 2: காது எங்கே திரும்புகிறது?

சோளத்தட்டு அடுக்கிய போருக்கு முன்னால் பூனை உட்கார்ந்திருப்பதைக் கவனியுங்கள். உடம்பு அசையாது. காது இரண்டும் விறைத்து முன்னால் குவியும். அப்புறம் ஒரு காது மட்டும் மெல்லத் திரும்பி, போருக்குள் ஒரே இடத்தைக் குறிவைத்து நிலைக்கும். நமக்கு ஒன்றும் கேட்காது. நம் காதுக்கு 20,000 ஹெர்ட்ஸ்தான் எல்லை. பூனைக்கு ஏறக்குறைய 80,000 வரை எட்டும். எலிகள் நமக்குக் கேட்காத உச்சத்திலும் கீச்சிடும்.

காதுகள் தனித்தனியே சுமார் 180 டிகிரி திரும்பக்கூடியவை. ஒன்று உங்கள் பக்கமும் மற்றது மோட்டார் ரூம் பக்கமும் இருந்தால் கோபம் என்று நினைக்காதீர்கள். இரண்டு சத்தத்தையும் கேட்கிறது, அவ்வளவுதான்.

படி 3: பக்கவாட்டில் சாய்ந்தால் நிறுத்துங்கள்

ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி காது இருபுறமும் சரிந்தால் பூனைக்கு ஏதோ பிடிக்கவில்லை, அல்லது பயம். பக்கத்துக் காட்டில் போர்வெல் லாரி ஓட ஆரம்பித்தாலும், தீபாவளிக்கு வெடி வெடித்தாலும் இப்படித்தான் ஆகும். தூக்கிக் கொஞ்சாதீர்கள். ஒளிய ஒரு அட்டைப்பெட்டி வைத்துவிட்டு விலகிவிடுங்கள்.

படி 4: பின்னால் போனால் இரண்டில் எது?

புதிதாக வளர்ப்பவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். காது நிமிர்ந்தபடியே திரும்பி, அதன் முதுகுப்பக்கம் முன்னாலிருந்து தெரிந்தால் அது கோபம், தானே பாயும். இரவில் ஓட்டின்மேல் மல்லுக்கு நிற்கும் கடுவன்களிடம் பார்க்கலாம். காது தலையோடு ஒட்டிப் படுத்துவிட்டால் அது மிரட்சி. தப்ப வழியில்லாவிட்டால் பிறாண்டும், கடிக்கும். வீட்டில் குழந்தை இருந்தால் இந்த ஒன்றையாவது சொல்லிக்கொடுங்கள்: “கண்ணு, காது படுத்திருந்தா தொடக்கூடாது.”

விளையாட்டில் குட்டிகளும் கொஞ்ச நேரம் காதை மடக்கும். சீறல் இல்லாவிட்டால் விட்டுவிடலாம்.

படி 5: நோயா என்று பாருங்கள்

சத்தம் எதுவும் இல்லாமலே காது வெளிப்பக்கம் திரும்பி, ஒன்றையொன்று விட்டு விலகியே இருந்தால் வலியாக இருக்கலாம். மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தினர் 2019-இல் வெளியிட்ட, முகத்தை வைத்துப் பூனையின் வலியை அளக்கும் முகக்குறி அளவுகோலில் காது, கண், மூக்கு வாய்ப்பகுதி, மீசை, தலையின் நிலை என ஐந்தையும் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். மொத்தம் 10 மதிப்பெண்; அதில் 4-ஐத் தொட்டால் வலிநிவாரணம் தேவைப்படலாம். அதற்காக நாமே பாராசிட்டமால் கொடுத்துவிடக் கூடாது, பூனைக்கு அது உயிரைப் பறிக்கும் விஷம்.

தலையை உதறிக்கொண்டே சொறிந்தால் காதுக்குள் பாருங்கள். காப்பித்தூள் நிறத்தில் அழுக்கு இருந்தால் பெரும்பாலும் காதுப்பேன்தான். எண்ணெயைக் காய்ச்சி ஊற்றும் வேலை வேண்டாமுங்க. பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் காட்டுங்கள்.

தெருப்பூனையின் ஒரு காது நுனி மட்டும் நேராக வெட்டியிருந்தால் அதைச் சண்டைக் காயம் என்று நினைக்க வேண்டாம். கருத்தடை செய்தவர்கள் வைத்த அடையாளமாக இருக்கும். மறுபடி அதைக் கூண்டு வைத்துப் பிடித்துக்கொண்டு போகத் தேவையில்லை.