லேப்டாப் பாத்து கண்ணு எரியுதா? இத செய்ங்க

பெங்களூர்ல ஏசி ரூம்ல நாள்பூரா லேப்டாப்பே கதின்னு இருந்துட்டு, சாயங்காலம் கண்ணுல மணல் விழுந்தாப்ல உறுத்துதுன்னா மொதல்ல இமைய கவனிங்க. சாதாரணமா நிமிஷத்துக்கு 15 தடவை கொட்டுவோம், ஸ்க்ரீன் பாக்கறப்ப அது பாதியா கொறைஞ்சிடும், கண்ணீர் காஞ்சு எரிச்சல் அங்கதான் ஆரம்பிக்குது. அதனால 20 நிமிஷத்துக்கு ஒருதடவை 20 அடி தள்ளி, ஜன்னலுக்கு வெளிய மரமோ மெட்ரோ பாலமோ, 20 செகண்ட் பாருங்க, அப்பவே இமைய முழுசா மூடித் தொறங்க, பாதி மூடினா பத்தாது. ஸ்க்ரீன் ஒரு கை தூரம், கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழ. ஏசி காத்து நேரா மூஞ்சில அடிச்சா சீட்டை மாத்தித் தரச் சொல்லிக் கேளுங்க, கூச்சமே வேணாம். ஸ்க்ரீனோட நீல வெளிச்சத்தத் தடுக்கும்னு விக்கற ப்ளூ லைட் கண்ணாடிக்குக் காசு போடாதீங்க, கண் அசதிக்கு அது பெருசா உதவாது. தலைவலி விடலேன்னா கண் பவர் செக் பண்ணிடுங்க, எங்கக்காவுக்கு அதுதான் பிரச்சனை.