வெளி ரெக்கார்டரை கேமராவில் இணைப்பது எப்படி: முதல் முறை முயல்பவர்களுக்கு

சென்சார் பிடிக்கும் படம் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். அதை மெமரி கார்டுக்குள் அடக்குவதற்காக கேமரா நெருக்கிச் சுருக்கும்போதுதான் விவரங்கள் தொலைகின்றன. வெளி ரெக்கார்டர் அந்தச் சுருக்கத்துக்கு முன்பே, எச்.டி.எம்.ஐ. கேபிள் வழியாக வரும் படத்தை வாங்கிப் பதிந்துகொள்கிறது.

சோனி ஏ7 III கார்டில் 4கே படத்தை நொடிக்கு அதிகபட்சம் 100 மெகாபிட்டில் எழுதுகிறது. அதுவும் 8-பிட் (ஒரு நிறத்துக்கு 256 படிகள்), 4:2:0. அதாவது, நான்கு பிக்சலுக்குச் சேர்த்து ஒரே ஒரு நிறத் தகவல். அதே படத்தை நொடிக்கு 25 பிரேம் வேகத்தில், குறைவாகச் சுருக்கும் பதிவு வடிவமான புரோரெஸ் 422 எச்.க்யூ. ஆகப் பதிந்தால் நொடிக்குச் சுமார் 737 மெகாபிட், நிறத் தகவல் இரண்டு பிக்சலுக்கு ஒன்று. வெற்றுச் சுவர் முன் ஒருவர் உட்கார்ந்து பேசும் காட்சியில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. காற்றில் அசையும் இலைகள், அலையடிக்கும் தண்ணீர், கிரீன் ஸ்கிரீன் முன் நிற்பவரின் முடியோரம் ஆகிய இடங்களில்தான் தெரியும்.

1. உங்கள் கேமரா எதை வெளியே அனுப்புகிறது?

ரெக்கார்டர் வாங்கும் முன் கேமரா கையேட்டில் எச்.டி.எம்.ஐ. வெளியீடு 8-பிட்டா, 10-பிட்டா என்று பாருங்கள். எல்லாவற்றையும் விட இதுதான் முக்கியம். நிக்கான் இசட்6 கார்டில் 8-பிட்தான் எழுதும், எச்.டி.எம்.ஐ.யில் 10-பிட் தரும், என்-லாக் (பிறகு நிறம் திருத்த வசதியாக மங்கலாகப் பதியும் நிக்கானின் முறை) வேண்டுமென்றால் அந்த வழி மட்டும்தான். அந்த கேமராவுக்கு ரெக்கார்டர் பெரிய பலன். ஏ7 III வெளியே அனுப்புவதும் 8-பிட்தான். புரோரெஸ் 10-பிட் கோடெக் (படத்தைச் சுருக்கிப் பதியும் முறை) என்பதால் படமும் 10-பிட் ஆகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். செம்பில் மொண்ட தண்ணீரை அண்டாவில் ஊற்றினால் தண்ணீர் கூடுமா? ஒரு நிறத்துக்கு 256 படிகளோடு வந்த படம் 1024 படிகள் ஆகாது. மாலை வானத்தில் விழும் பட்டை பட்டையான கோடுகள் அப்படியேதான் இருக்கும்.

2. தேவையான பொருள்கள்

அட்டோமாஸ் நிஞ்சா வி அல்லது பிளாக்மேஜிக் வீடியோ அசிஸ்ட் போன்ற 5 அங்குல ரெக்கார்டர், படத்தைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி. வட்டு, எச்.டி.எம்.ஐ. கேபிள், என்.பி.-எஃப் வகை பேட்டரி இரண்டு, கேபிளை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் உள்ள கேஜ் (கேமராவைச் சுற்றி மாட்டும் சட்டம்).

எஸ்.எஸ்.டி.யில் கஞ்சத்தனம் வேண்டாம். 737 மெகாபிட் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 5.5 ஜி.பி.; 1 டி.பி.யில் மூன்று மணி நேரம் கொள்ளும். சாதாரண புரோரெஸ் 422 போதுமென்றால் நாலரை மணி நேரம் வரும், ஆரம்பத்தில் அதுவே தாராளம். மலிவான எஸ்.எஸ்.டி.கள் முதல் சில நிமிடம் வேகமாக எழுதும். கேஷ் (உள்ளே இருக்கும் தற்காலிக வேக நினைவகம்) நிரம்பியதும் வேகம் சடாரென்று விழும், நடுவில் பிரேம்கள் விட்டுப்போகும். ரெக்கார்டர் நிறுவனம் சோதித்து வெளியிட்ட பட்டியலில் உள்ளதையே வாங்குங்கள்.

கேபிள் 30 செ.மீ. இருந்தால் போதும். கேமராவில் இருப்பது முழு அளவா, மினியா, மைக்ரோவா என்று பார்த்து வாங்குங்கள். 4கே 60 பிரேம் எடுப்பதானால் 18 ஜிகாபிட் கேபிள் தேவை.

3. இணைப்பு

இரண்டையும் அணைத்துவிட்டு, முதலில் கேமரா பக்கம் கேபிளைச் செருகி கிளாம்பை முடுக்குங்கள். மைக்ரோ சாக்கெட் மிக மென்மையானது. கிளாம்ப் இல்லாமல் கேபிள் ஒருமுறை பக்கவாட்டில் இழுபட்டாலே ஆட்டம் கண்டுவிடும், பிறகு படம் விட்டுவிட்டு வரும். அடுத்து ரெக்கார்டர் பக்கம் செருகி, ரெக்கார்டரை முதலிலும் கேமராவை இரண்டாவதாகவும் ஆன் செய்யுங்கள்.

கேமராவை வீடியோ மோடில் வைத்து மெனுவில் மாற்ற வேண்டியவை:

- எச்.டி.எம்.ஐ. ரெசல்யூஷன்: ஆட்டோவை விட்டு 2160பி (அதாவது 4கே).
- எச்.டி.எம்.ஐ. இன்ஃபோ டிஸ்ப்ளே: ஆஃப். மறந்தால் பேட்டரி குறியும் ஃபோகஸ் கட்டமும் படத்தோடு சேர்ந்தே பதிவாகிவிடும். பிறகு அழிக்கவே முடியாது.
- தானாக அணையும் வசதி: ஆஃப்.

ரெக்கார்டர் திரையின் மேலே 2160பி 25 என்று வருகிறதா பாருங்கள். 1080 என்று காட்டினால் ரெசல்யூஷன் இன்னும் ஆட்டோவில் இருக்கலாம். சில கேமராக்கள் 10-பிட் அனுப்பும்போது கார்டில் பதிவதை நிறுத்திவிடும். அது கோளாறு அல்ல.

4. ஒலி

மைக்கை கேமராவிலேயே செருகுங்கள். ஒலியும் படமும் ஒரே கேபிளில் ஒன்றாக வந்துசேரும். நேராக ரெக்கார்டரில் செருகினால், கேமராவைக் கடந்து வரும் படம் சற்றுப் பிந்தி, உதட்டசைவு பொருந்தாமல் போகும். ரெக்கார்டரின் ஆடியோ டிலேயைக் கூட்டிச் சரிசெய்ய வேண்டியிருக்கும். ரெக்கார்டரில் ஃபேன் இருந்தால், கேமரா மேல் மாட்டிய மைக் அந்த இரைச்சலையும் பிடிக்கும். மைக்கைப் பேசுபவர் பக்கம் கொண்டுபோங்கள்.

5. பதிந்து பாருங்கள்

எஸ்.எஸ்.டி.யை ரெக்கார்டருக்குள்ளேயே ஃபார்மட் செய்து, 20 நிமிடம் நிறுத்தாமல் பதியுங்கள். விட்டுப்போகும் பிரேம், சூடு, பேட்டரி மூன்றும் அதற்குள் தம் குணத்தைக் காட்டிவிடும். கேமரா அனுமதித்தால் கார்டிலும் சேர்த்தே பதிந்து, எடிட்டிங்கில் இரண்டையும் 200 சதவீதம் பெரிதாக்கி, அசையும் இலைகளின் ஓரத்தையும் சிவப்புத் துணியின் விளிம்பையும் பாருங்கள். கார்டு கோப்பில் சிவப்பு விளிம்பு படிக்கட்டு போல உடைந்து தெரியும்.

பதிவை நிறுத்தியதும் கோப்பு முழுதாக மூடப்படும் வரை காத்திருந்து, அதன் பிறகே எஸ்.எஸ்.டி.யையோ பேட்டரியையோ கழற்றுங்கள். நடுவில் மின்சாரம் போனால் அந்த ஷாட்டே திறக்காமல் போகலாம்.